பேரலையைச் செதுக்கியவர் ஹொகுசாய் இல்லை: ஜப்பானிய மர அச்சு பற்றிக் கேள்வி பதில்

பிற நாட்டுக் கலையிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டு நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. எனக்குக் கைப்பழக்கம் உள்ளது ஜப்பானிய மரக்கட்டை அச்சு மட்டும்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

மதுரை, கல்லூரி மாணவி: ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை ஓவியத்தின் அசல் எந்த மியூசியத்தில் இருக்கிறது?

அப்படி ஒரே அசல் என்று எதுவும் கிடையாது. ஹொகுசாய் மெல்லிய தாளில் கோட்டுப்படம் வரைந்து கொடுத்தார். செதுக்குபவர் அந்தத் தாளைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் நிற்கவிட்டு மற்றதைச் செதுக்கி எடுத்தார். தாள் அந்த வேலையிலேயே போய்விட்டது. அச்சிட்டவர் வேறொருவர், பணம் போட்ட பதிப்பாளர் இன்னொருவர். 1831 வாக்கில் கடைக்கு வந்த சரக்கு அது. அந்தக் கட்டைகளில் எடுத்த ஒவ்வொரு தாளும் அசல்தான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மட்டும் மூன்று இருக்கின்றன. இடது மேல் மூலையில் தலைப்பைச் சுற்றி ஒரு கட்டம் இருக்கும். மரம் தேயத் தேய அந்தக் கோடு அங்கங்கே விட்டுப்போகும். கோடு முழுசாக இருந்தால் முந்தி எடுத்த தாள்.

திருச்சி: ஜப்பானிய அச்சுகளில் வானத்தின் நீலம் மேலே அழுத்தமாகவும் கீழே மங்கியும் வருகிறதே, எப்படி?

நல்ல கேள்வி. அதற்குப் பெயர் பொகாஷி. பலகையை ஈரத்துணியால் துடைத்து, தூரிகையின் ஒரு ஓரத்தில் மட்டும் வண்ணம் தொட்டு, கொஞ்சம் அரிசிப்பசையோடு ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். வண்ணம் ஈரத்தில் தானாகக் கரைந்து மங்கும். ஈரமாக்கிய தாளை மேலே வைத்து, மூங்கில் மடல் சுற்றிய பாரென் என்ற வட்டத் தட்டால் முதுகுப் பக்கம் தேய்ப்பார்கள். அச்சு இயந்திரம் எதுவும் கிடையாது. நான் முதலில் தாளை நனைக்க மறந்தேன். வானம் முழுக்கத் தேமல் விழுந்த மாதிரி திட்டுத்திட்டாக வந்தது.

ஒரு எச்சரிக்கை: செதுக்கும்போது இடது கை எப்போதும் கத்திக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

ஓசூர்: பேரலையைப் பச்சை குத்திக்கொள்ளலாமா?

உங்கள் தோல், உங்கள் இஷ்டம். பின்னால் குட்டியாக ஃபூஜி மலை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

சேலம்: ஐரோப்பிய ஓவியர் வான்கோ ஜப்பான் படங்களை அப்படியே காப்பி அடித்தாராமே? அதை ஊக்கம் என்கிறார்கள். நாம் செய்தால் மட்டும் திருட்டா?

இதே தொனியில் இன்னும் இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். சரி, பேசிவிடுவோம்.

காப்பி அடித்தார், உண்மைதான். பாரிஸில் இருந்தபோது மலிவாகக் கிடைத்த ஜப்பானிய அச்சுகளை நூற்றுக்கணக்கில் வாங்கினார். ஹிரோஷிகே என்ற ஜப்பானிய ஓவியர் 1857இல் செய்த கமெய்தோ பிளம் தோட்டம் என்ற அச்சின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, கோடு கோடாகப் பிரதியெடுத்தார். பிறகு, 1887இல், எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக்கினார். ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை அடித்து, வேறு அச்சுகளிலிருந்து எழுத்துகளை அழகுக்காக எடுத்துப் போட்டார். தலைப்பிலேயே ஹிரோஷிகே பெயர் வருகிறது. அவர் எதையும் மறைக்கவில்லை.

நான் பார்க்கச் சொல்வது அடுத்த வருடத்தை. 1888இல் ஆர்ல் ஊரில் விதைப்பவன் படம் வரைகிறார். பிரெஞ்சு வயல், பிரெஞ்சுக்காரன். ஆனால் முன்னால் ஒரு மரம் படத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கிறது. அந்த மரம் எங்கிருந்து வந்தது என்று பிளம் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரதியெடுத்தபோது கைக்குள் போனது, வேறு வயலில் முளைத்தது. கிமோனோவும் விசிறியும் வரைந்து ஜப்பான் ஊக்கம் என்று எனக்கு அனுப்புகிறீர்களே, அதில் இது இல்லை.

இன்னொருவர், "ஜப்பான் கொடுத்தது, ஐரோப்பா எடுத்தது" என்று முடித்திருக்கிறார். இல்லை ஐயா. பேரலையின் நீலம் பெர்லினில் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கண்டுபிடித்த பிரஷ்ய நீலம். சிவப்புச் சாயம் செய்யப் போய்த் தற்செயலாகக் கிடைத்தது. தூரத்து மலை சின்னதாகத் தெரியும் அந்தக் கணக்கிலும் ஐரோப்பியப் படங்களைப் பார்த்துப் படித்த பாடம் இருக்கிறது. ஹொகுசாயும் வாங்கினார். வாங்கியதை அடையாளம் தெரியாமல் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

நாகப்பட்டினம்: நம்மிடமிருந்து ஜப்பானுக்கு ஏதாவது போயிருக்கிறதா?

போயிருக்கிறது. சோழமண்டலக் கரையில் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணிகள் டச்சுக் கப்பல்களில் போயின. அங்கே அதற்குச் சராசா என்று பெயர். சின்னத் துண்டைக்கூட வீணாக்காமல் தேநீர்ச் சடங்கின் கிண்ணங்களுக்கும் புகையிலைக்கும் பை தைத்தார்கள். அப்புறம் தாளில் வடிவத்தை வெட்டி, அந்த ஓட்டை வழியே சாயம் போட்டு அவர்களே செய்ய ஆரம்பித்தார்கள். அது வா-சராசா, அதாவது ஜப்பானியச் சராசா.

விழுப்புரம்: பேரலையின் ஒரிஜினல் எங்கே இருக்கிறது?

மேலே மதுரைக்குச் சொன்ன பதில்.

பெங்களூரு: சீன மை ஓவியம் பற்றி...

என் துறை இல்லை. தெரிந்தவரைக் கேளுங்கள்.

ஈரோடு: ஆன்லைனில் 'அசல் ஹொகுசாய்' 4,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அழகாக இருந்தால் சுவரில் மாட்ட வாங்குங்கள். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது ஆஃப்செட், அதாவது இயந்திரத்தில் அடித்த அச்சு.

தர்மபுரி: எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?

உங்கள் வீட்டு ஜன்னலில் தெரிவதை வரையுங்கள். இரண்டு நிறம், இரண்டு கட்டை போதும். இடது கை கத்திக்குப் பின்னால்.

கடலூர்: அசல் பேரலை...

மதுரை.

காரைக்குடி: கை கை என்கிறீர்களே, உங்களுக்கு எத்தனை தையல்?

நான்கு. ஆள்காட்டி விரலில்.