கண்ணி கூடுவது எங்கே?
பின்னல் கேள்வி பதில்

ஊசியில் 40 கண்ணி (நூல் வளையம்) ஏற்றி, இரண்டு நிட் (நேர்ப் பின்னல்) இரண்டு பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று ரிப் (மேடுபள்ள வரிப் பின்னல்) பின்னிப் பழகுகிறேன். பத்து வரிசைக்குள் 46 ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?
– வாசகி, மேலூர்

கூடிய கண்ணியின் கீழே ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓட்டை இருந்தால், நூல் தவறான பக்கம் நின்றிருக்கிறது. பர்ல் போட நூல் முன்னால் இருக்கணும், நிட் போடப் பின்னால். பர்ல் முடித்ததும் நூலை இரண்டு ஊசி முனைகளுக்கும் நடுவே பின்பக்கம் தள்ள மறந்து நிட் போட்டால், அது வலது ஊசி மேல் ஏறி ஒரு சுற்றாகிவிடும். அடுத்த வரிசையில் அதையும் கண்ணியென்று நினைத்துப் பின்னிவிடுவீர்கள். அடுத்த வரிசையிலேயே பார்த்துவிட்டால், அந்தச் சுற்றை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டால் போதும். தொளதொளப்பை ஊசி முனையால் பக்கத்துக் கண்ணிகளுக்கு இழுத்துப் பகிர்ந்துவிடலாம். பின்னியதையெல்லாம் பிரிக்கவே வேண்டாம்.

ஓட்டை இல்லாமல் ஓரத்தில் மட்டும் கூடினால் காரணம் வேறு. ஊசியைத் திருப்பிப் பிடிக்கும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போய்விடுகிறது. முதல் கண்ணி மேலே இழுபட்டு, அதன் இரண்டு கால்களும் இரண்டு கண்ணி போலத் தெரியும். வரிசை தொடங்குமுன் நூலைக் கீழே இழுத்துவிடுங்கள்.

பழகும்வரை ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். 40 கண்ணி எண்ண அரை நிமிஷம் ஆகுமா?

கேபிள் (முறுக்குப் பின்னல்) போட்ட மஃப்ளர் கணக்கிட்டதைவிட ஒடுங்கிவிட்டது. ஏன்?
– வாசகர், திருமங்கலம்

கண்ணி ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் துணி சுருங்கும். சாதாரணப் பின்னலில் அளந்து கண்ணி ஏற்றினால் கேபிளுக்குப் பற்றாது. கேபிள் போட்ட மாதிரித் துண்டையே அளக்க வேண்டும். 6 கண்ணிக் கேபிளில் 3 கண்ணியைத் துணை ஊசிக்கு மாற்றி முன்னால் நிறுத்தினால் முறுக்கு இடப்பக்கம் சாயும். பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம். ஆறு வரிசைக்கு ஒருமுறை முறுக்கினால் போதும். அடிக்கடி முறுக்கினால் துணி கயிறு மாதிரி விறைத்துவிடும். இருபுறமும் 2 பர்ல் விட்டால்தான் கேபிள் எடுப்பாகத் தெரியும்.

மதுரை வெயிலுக்குப் பருத்தி நூலிலேயே பழகலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பழக்கத்துக்குப் பருத்தி வேண்டாம். அதில் இழுவை இல்லாததால் கை இறுக்கமும் தளர்வும் அப்படியே தெரியும், மனசு விட்டுப்போகும். வெளிர் நிற அக்ரிலிக் நூலும் 4 மி.மீ. மூங்கில் ஊசியும் வாங்குங்கள். உலோக ஊசியில் கண்ணி எளிதில் வழுக்கிவிடும். கறுப்பு நூலில் கண்ணியே தெரியாது. கை பழகியபின் குழந்தைக்குக் குல்லாய் பின்னுவதென்றால் இங்கே பருத்திதான், கொடைக்கானல் போவதற்கென்றால் கம்பளி.