மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு தாம்பத்திய உறவு வலிக்கிறது. யாரிடம் கேட்பது? (வயது 38, தமாக்சிஃபென் என்ற புற்றுநோய் மாத்திரை எடுக்கிறேன்)

உங்கள் ஆன்காலஜி (புற்றுநோய்) டாக்டரிடமே முதலில் கேளுங்கள், அவராகச் சொல்லமாட்டார். எனக்கு ஒரு பக்க மார்பகம் எடுத்து, கீமோவும் முடிந்து, இப்போது லெட்ரோசோல் மாத்திரை. முடி கொட்டுவது முதல் கை வீக்கம் வரை எல்லாம் சொன்னார்கள், இதை மட்டும் சொல்லவில்லை. நானாகக் கேட்டதற்கு, “நார்மலா இருக்கலாம்மா” என்று அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார் அந்த டாக்டர். நார்மலாக இருக்க முடியாமல்தானே கேட்டேன்? அதனால் பொதுவாகக் கேட்காமல், “உறவின்போது வலிக்கிறது, மாத்திரையாலா?” என்று நேராகக் கேளுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதி நர்ஸிடம் கொடுங்கள்.

பிறகு வேறு இடத்தில் ஒரு கவுன்சிலரைப் பார்த்தோம். என்னிடம் கொஞ்ச நேரம்தான் பேசினார், என் கணவரிடம்தான் அதிகம். தழும்பைப் பார்த்து அருவருப்பில் விலகுகிறார் என்று நானும், தொட்டால் எனக்கு வலிக்கும் என்று அவரும் ஆளுக்கொரு மூலையில் இருந்திருக்கிறோம். போதாததற்கு ‘ஒட்டிக்கும்’ என்று மாமியார் தனிப் படுக்கை வேறு போட்டிருந்தார். புற்றுநோய் தொற்று நோயே இல்லை. கொஞ்ச வாரங்களுக்கு உறவே வேண்டாம், தொடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார் கவுன்சிலர். கேட்க வேடிக்கையாக இருந்தது, ஆனால் என் பயம் விட்டதே அதில்தான்.

வலிக்குக் காரணம் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவு. நான் எடுக்கும் லெட்ரோசோல் அதை ரொம்பவே குறைத்துவிடும். உங்கள் வயதில், கீமோ எடுத்திருந்தால் அதுவே சினைப்பையின் வேலையை நிறுத்தியிருக்கலாம். பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுபோகும், வலிக்கும், வலிக்குப் பயந்தால் ஆசை எங்கிருந்து வரும்? பிறப்புறுப்புக்கென உள்ள மாய்ஸ்சரைசரை (ஈரப்பதம் தரும் க்ரீம்), உறவு இருக்கிறதோ இல்லையோ, வாரத்தில் சில நாள் தவறாமல் போட வேண்டும். உறவு நேரத்துக்கு வாசனை சேர்க்காத, தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் (வழுவழுப்புக்கான ஜெல்). தேங்காய் எண்ணெய் நிறையப் பேர் சொல்வார்கள், லேட்டெக்ஸ் ஆணுறை அதில் கிழிந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் க்ரீமை மட்டும் நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள்.

அப்புறம், மாதவிலக்கு நின்றிருந்தாலும் கரு தங்கலாம். தமாக்சிஃபென் எடுக்கும்போது அது கூடாது, கருவுக்கு ஆபத்து. ஹார்மோன் கருத்தடை மாத்திரையும் உங்களுக்கு ஆகாது. காப்பர் டி அல்லது ஆணுறை பற்றி மகப்பேறு டாக்டரிடம் பேசுங்கள். மனச்சோர்வுக்கு யாராவது மாத்திரை எழுதினால் தமாக்சிஃபென் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். பாராக்ஸெடின் போன்ற சில மருந்துகள் அதன் வேலையைக் குறைத்துவிடும்.