தட்டிப் பார்த்துப் பணம் கொடுங்கள்

கேள்வி: பால்கனி பீமில் கம்பி தெரிந்த இடத்தைச் செதுக்கி ஒட்டுப்போட்டார்கள். இரண்டே வருடம், ஒட்டு நன்றாக இருக்கிறது, ஒரு சாண் தள்ளிப் புதிதாகப் பிளந்திருக்கிறது. 'அது வேறு இடம், எங்கள் பொறுப்பில்லை' என்கிறார் காண்ட்ராக்டர்.

பதில்: இடம்தான் வேறு, கம்பி அதே கம்பி. உங்கள் மேல் தப்பில்லை. உப்பு ஏறிய கான்கிரீட்டில் துருப்பிடிக்கும் பகுதி தன்னைப் பலி கொடுத்துப் பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருக்கும். அதைச் செதுக்கிப் புதுக் கலவை வைத்ததும் அந்தக் காவல் போய்விடும், ஒட்டின் ஓரத்தில் துரு கிளம்பும். துருவுக்கு அது தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் வேண்டும். பிளக்காமல் என்ன செய்யும்? வேலைக்கு முன்பே சுற்றுப்புறக் கான்கிரீட்டில் குளோரைடு, அதாவது உப்பு, எவ்வளவு என்பதையும், கம்பியின் மின்னழுத்தத்தையும் பார்த்திருக்க வேண்டும். காப்பர் சல்பேட் மின்முனை வைத்து அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. அந்த அளவுகளைக் கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் அதையே எழுதி வாங்குங்கள். புகார் கொடுக்கும்போது உதவும்.

கேள்வி: ரிப்பேர் முடிந்து, பணம் கொடுத்து, பெயிண்ட்டும் அடித்தாயிற்று. தரமாக இருக்கிறதா என்று இப்போது எப்படிப் பார்ப்பது?

பதில்: பணம் கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சரி, சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். 'டொக்' என்று உள்ளே காலியாக இருப்பதுபோல் ஒலித்தால் அங்கே ஒட்டவில்லை.

கேள்வி: ஒரு மூட்டையில் 60 மெகாபாஸ்கல் வலிமை என்றும் இன்னொன்றில் 40 என்றும் போட்டிருக்கிறது. 60தானே அதிக நாள் உழைக்கும்?

பதில்: இந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது மாதிரித் துண்டை 28ஆம் நாள் நசுக்கிப் பார்த்த கணக்கு. ஒட்டுப்போட்ட கலவை பெரும்பாலும் நசுங்கிக் கெடுவதில்லை, உரிந்து கெடுகிறது. பழைய கான்கிரீட் சுருங்க வேண்டியதைச் சுருங்கி முடித்துவிட்டது. புதுக் கலவை இனிமேல்தான் சுருங்கப்போகிறது. விறைப்பு அதிகமான கலவை சுருங்கும்போது ஒட்டை இன்னும் வேகமாக இழுக்கும். அதனால் நசுக்கிய எண்ணை விட்டுவிட்டு இழுத்த எண்ணைக் கேளுங்கள்.

இழுவைச் சோதனை இப்படித்தான்: ஒட்டைத் தாண்டிப் பழைய கான்கிரீட்டுக்குள் போகும்படி வட்டமாக அறுத்து, அதன் தலையில் 50 மில்லிமீட்டர் எஃகு வட்டை எபாக்ஸிப் பசையால் ஒட்டி, பிய்யும்வரை கருவியால் இழுப்பார்கள். ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 1504-3, உயர்ந்த ஆர்4 வகைக் கலவைக்கு 2 மெகாபாஸ்கல் கேட்கிறது. அது ஆய்வகக் கணக்கு. உங்கள் பீமில் எவ்வளவு என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், பிய்ந்து வந்த துண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பது. அடியில் பழைய கான்கிரீட்டின் ஜல்லி உடைந்து தெரிந்தால் ஒட்டு பிடித்திருக்கிறது. வழவழவென்று தூசி படிந்திருந்தால் சுத்தம் செய்யாமலே பூசியிருக்கிறார்கள். எபாக்ஸிப் பசையே விட்டுப்போயிருந்தால் அது முடிவே இல்லை, மறுபடி இழுக்கச் சொல்லுங்கள்.

'நீடித்து உழைக்கும்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதற்கும் கணக்கு உண்டு. அதே தரநிலையில் 50 முறை உறையவைத்து உருகவைத்து, அப்புறம் இழுப்பார்கள். அந்த எண்ணைக் காட்டாதவர் சொல்லும் ஆயுளை நான் நம்புவதில்லை.

கேள்வி: காரத்தன்மையைக் காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்ததும் கான்கிரீட் இளஞ்சிவப்பானது. 'துரு பயமே இல்லை' என்கிறார் ஆலோசகர்.

பதில்: பாதி உண்மை. கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை மிச்சமிருக்கிறது என்றுதான் அந்த நிறம் சொல்கிறது. உப்பைப் பற்றி அது வாயே திறக்காது.

கேள்வி: ஒட்டு பிடித்திருக்கிறதா என்று பார்க்க, கான்கிரீட்டில் மோதித் துள்ளும் அளவை எண்ணாகக் காட்டும் ரீபவுண்ட் சுத்தியல் வாங்கலாமா?

பதில்: வேண்டாம், நான் வாங்கிப் பட்டது போதும். மலிவாக வருகிறதே என்று பழையதை எடுத்தேன். அளவைச் சரிபார்க்கும் எஃகுக் கட்டை கூட வரவில்லை. அந்தக் கருவி மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும் என்பதும் அப்போது மண்டையில் ஏறவில்லை. என் மாடிப்படி ஒட்டுக்கு நல்ல எண் காட்டியது. அடுத்த மழைக்காலத்தில் அந்த ஒட்டு பலகைபோல முழுசாகக் கையோடு வந்தது, முதுகு நிறையத் தூசியுடன்.

கேள்வி: பத்து வருட வாரண்டி தருகிறார்கள். இத்தனை சோதனை எதற்கு?

பதில்: வாரண்டியில் 'ஒட்டிய இடத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி இருக்கும். முதல் கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள்.