சங்கத்தில் ஜெயித்தவர் கட்சியில் தோற்றது ஏன்?

கேள்வி: மின்கட்டணத்தில் இரண்டு பைசா ஏற்றியதற்காகக் கோவையையே ஸ்தம்பிக்க வைத்தவர் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு. அவர் கட்சி தொடங்கியபோது விவசாயிகளே கைவிட்டார்கள். நன்றி கெட்டதனம்தானே இது? எங்கள் பகுதியிலும் விவசாயிகள் ஒன்று சேர்ந்து பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. உருப்படுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: நன்றியை எல்லாம் ஓட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாயுடு தோற்றதற்குக் காரணம் வேறு.

முதலில் அந்த இரண்டு பைசா. 1970இல் விவசாய மின்சாரம் யூனிட் 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆனது. 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு 4 யூனிட் இழுக்கும். பத்து மணி நேரம் ஓட்டினால் 40 யூனிட், கூடுதல் செலவு நாளைக்கு 80 பைசா, மாதம் 24 ரூபாய். கோவை, அவினாசிப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். ஊற்று ஊறி வரும்வரை நிறுத்தி நிறுத்தித்தான் இறைக்க வேண்டும். வாய்க்கால் பாசனக்காரனுக்கு இந்தச் செலவே கிடையாது. சங்கம் வறண்ட மாவட்டங்களில் வேர் பிடித்த அளவுக்குக் காவிரி டெல்டாவில் பிடிக்காததற்கு இதுதான் காரணம். இதை நினைவில் வையுங்கள், உங்கள் இரண்டாவது கேள்விக்குத் தேவைப்படும்.

வையம்பாளையத்து விவசாயியான நாயுடு மேடைப் பேச்சாளராக வளர்ந்தவரல்ல. எதை நிறுத்தினால் அரசாங்கத்துக்கு வலிக்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர். 1970 ஜூன் 19இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிறகு ஒரு பைசா குறைந்தது. 1972இல் கட்டணம் 12 பைசாவுக்கு ஏறியதும் நகரத்துக்குப் போகும் பாலையும் காய்கறியையும் நிறுத்தினார்கள். அடுத்து மாட்டு வண்டிகளைக் கோவைக்குள் இறக்கினார்கள். லாரியை மறித்தால் டிரைவரைக் கைது செய்து வண்டியை ஓட்டிப் போய்விடலாம். நுகத்தடியிலிருந்து மாட்டை அவிழ்த்துக் கொண்டுபோய்விட்டால், நடுரோட்டில் கிடக்கும் வண்டியைப் போலீஸ்காரர் என்ன செய்வார்? ஆளைப் பிடித்துக்கொண்டு போனாலும் வண்டி அங்கேயேதான் நிற்கும். அந்த ஆண்டு ஜூலை 5இல் மாநிலம் முழுக்கத் துப்பாக்கிச் சூட்டில் 15 பேர் இறந்தார்கள். அந்த நாளைத்தான் இன்றும் உழவர் தியாகிகள் நாளாக அனுசரிக்கிறார்கள். 1973இல் தமிழக விவசாயிகள் சங்கம் மாநில அமைப்பானது. 1980இல் ஹைதராபாத்தில் உருவான அகில இந்திய அமைப்புக்கும் நாயுடுதான் தலைவர்.

இத்தனை ஆள் பலம் 1982இல் கட்சி ஆனதும் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, முன்பு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. சங்கத்துக்காரன் தன் கட்சிக் கரை வேட்டியை மாற்றாமலேயே தோளில் பச்சைத் துண்டு போட்டவன். தி.மு.க., அ.தி.மு.க., காங்கிரஸ் எல்லாரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். "பில் கட்டாதே, ஜப்திக்கு வந்தால் ஊரே கூடு" என்று சங்கம் சொன்னது, செய்தார்கள். ஓட்டைப் பற்றிச் சங்கம் கேட்காத வரை சண்டையில்லை. கட்சி என்று வந்ததும் வேட்டியை மாற்றச் சொன்னது போல ஆயிற்று. அதற்கு யாரும் தயாரில்லை.

இன்னொன்று, கசப்பானது. பம்புசெட் வைத்திருப்பவன் ஊரில் பெரிய ஆள், ஓட்டில் சிறுபான்மை. கட்சியின் பெயரில் 'உழைப்பாளர்' என்று சேர்த்தார்கள்; ஆனால் கோரிக்கைப் பட்டியலில் மின்கட்டணம், கடன் தள்ளுபடி, விளைபொருள் விலைதான் முன்னால் நின்றன. கூலி ஏறினால் நஷ்டம் என்று சொல்கிறவனுக்குக் கூலிக்காரன் ஏன் ஓட்டுப் போடுவான்?

1984 டிசம்பரில், தேர்தல் பிரசாரத்துக்குப் போன இடத்தில், கோவில்பட்டியில் நாயுடு இறந்தார். வயது 59. அவர் கேட்டதற்கும் மேலாக, 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரமே இலவசம் ஆனது. கொடுத்தது அவர் கட்சி இல்லை, அந்த ஓட்டு எங்கே போகுமோ என்று பயந்த கட்சி. அதனால் அவர் அரசியலுக்கு வந்ததே தப்பு என்று சொல்லமாட்டேன். போராட்டத்துக்குக் கிடைத்த மரியாதையை ஓட்டு என்று எண்ணியதுதான் தப்பு.

இனி உங்கள் ஊர். சட்டமன்றத் தொகுதியில் முடியாதது வார்டில் முடியும். பத்துப் பேர் தினமும் நடந்தால் எல்லா வீட்டையும் பார்த்துவிடலாம். ஆனால் ஆழியாற்றுத் தண்ணீரை வாக்குறுதியில் போடாதீர்கள். மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்பது தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட ஒப்பந்தம். வார்டு மெம்பர் அங்கே ஒரு ஷட்டரைக்கூடத் தூக்க முடியாது. தவிர, மூலத்தரைக் கால்வாய்க்காரருக்கு வேண்டியது வேறு, வடகரைப்பதி போர்வெல்காரருக்கு வேண்டியது வேறு. இரண்டு பேரையும் ஒரே நோட்டீஸில் அடக்கப் பார்த்தால் டெல்டாவில் நடந்ததுதான் இங்கும் நடக்கும். குளம், மண்பாதை, கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) தேங்கும் மனு, இந்த அளவில் நில்லுங்கள். 'தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்ட) வேலை வந்து ஆளே கிடைப்பதில்லை' என்று டீக்கடையில் புலம்புகிற வாயை வேட்பாளராக நிறுத்தாதீர்கள். அந்த வேலைக்குப் போகும் பெண்கள்தான் உங்கள் வார்டின் முடிவை எழுதுவார்கள்.

கடைசியாக, போராட்டக்காரர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். சங்கத்தில் 'கட்டமாட்டோம்' என்பது வீரம். கேரளப் பஞ்சாயத்துச் சட்டத்திலோ, அரசுக்கோ பஞ்சாயத்துக்கோ கட்ட வேண்டிய பாக்கிக்கு நோட்டீஸ் வந்து கெடு தாண்டியிருந்தால் அதுவே தகுதி நீக்கத்துக்குக் காரணம். வேட்பு மனு பரிசீலனையன்று எதிராளி அந்த ஒரு காகிதத்தை நீட்டினால் போதும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் வில்லேஜ் ஆபீசில் நிலக்கரம் (நிலவரி) அடைத்த ரசீதையும், பஞ்சாயத்தில் வீட்டுவரி ரசீதையும் வாங்கிப் பாருங்கள்.