மழைக்குட்டை என்றால் என்ன? அதில் தவளைகள் முட்டையிட்டிருப்பதை எப்படி அறிவது?

மழையில் நிறைந்து, வெயிலில் முழுதாக வற்றிவிடும் பள்ளம்தான் மழைக்குட்டை. வற்றுவதால் அதில் மீன் தங்காது. தவளைக்கு வேண்டியதும் அதுதான், மீன்கள் வாற்பேத்தைகளைத் தின்றுவிடுமே! கள்வர் பயமில்லாத, ஆனால் குறுகிய தவணைக்குக் கிடைத்த வாடகை வீடு மாதிரி: தவணை முடியுமுன் கால் முளைத்து வெளியேற வேண்டும்.

கொழும்பில் ஐப்பசி மழைக்குப் பிறகு, தலங்கம, பத்தரமுல்லைப் பக்கத்து வெறுங்காணிகளில் தேடுங்கள். தண்ணீருக்குள் கறுப்பு மணி கோத்த வழுவழுப்பான நூல் கிடந்தால் அது தேரை முட்டை. தண்ணீருக்கு மேலே கிளையில், யாரோ சவர்க்கார நுரையை அப்பிவிட்டதுபோல் தொங்கினால் மரத்தவளையின் கூடு. பொரித்த குஞ்சுகள் அதிலிருந்து நேரே தண்ணீரில் விழும். அழகான ஏற்பாடு!

டெங்குக்குப் பயந்து இக்குட்டைகளை மூடச் சொல்வார்கள். உண்மையில் அந்த நுளம்பு அதிகம் பெருகுவது டயர், பீலி, பூச்சாடியில் தேங்கும் தண்ணீரில்.