திவால் வழக்கில் தோற்றால் உச்ச நீதிமன்றம் போகலாமா?

"கம்பெனி திவால் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திலும் தோற்றுவிட்டோம். உச்ச நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாதிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம், ஆனால் முதலிலிருந்து முடியாது. 2016 திவால் சட்டத்தின் 62ஆம் பிரிவு சட்டப் பிரச்சினைக்கு மட்டும்தான் அங்கே இடம் தருகிறது. கணக்கு தப்பு, மதிப்பீடு குறைவு என்று புலம்பினால் எடுபடாது.

இதைவிடப் பெரிய தடை கடன் கொடுத்தவர்களின் குழு. கம்பெனியை மீட்க வந்த திட்டங்களில் எது லாபகரமானது என்று அவர்கள் எடுக்கும் வணிக முடிவில் நீதிமன்றம் தலையிடாது. எஸ்ஸார் ஸ்டீல் வழக்கைப் பாருங்கள். வங்கிகளுக்கும் சரக்கு சப்ளை செய்தவர்களுக்கும் சமமாகப் பங்கு கொடு என்றது மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பங்கு பிரிப்பது குழுவின் வேலை என்றது. சின்ன சப்ளையர்களுக்கு இது கசப்பான தீர்ப்புதான், என்ன செய்ய.

அப்புறம் கெடு. உச்ச நீதிமன்றம் போக, உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 45 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 15 நாள் வரை கிடைக்கலாம், அதற்கு மேல் இல்லை. கீழ்த் தீர்ப்பாயத்திலிருந்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போக, தீர்ப்பு சொன்ன நாளிலிருந்தே 30 நாள், கூடுதலாக 15. அங்கே இலவச நகல் வரட்டும் என்று காத்திருந்த ஒருவரின் மேல்முறையீடு காலம் கடந்தது என 2021இல் தள்ளுபடியானது. எனவே தீர்ப்பு சொன்ன அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுவிடுங்கள்.