விற்பனை மாதம் சராசரியாக எவ்வளவு ஏறியது என்று எப்படிக் கணக்கிடுவது?

ஆற்காட்டில் மக்கன் பேடா (பாகில் ஊறிய பால்கோவா இனிப்பு) கடை வைத்திருக்கிறீர்கள். 2025 ஜனவரியில் 40,000 ரூபாய், ஜூனில் 70,000 ரூபாய் விற்பனை, மாதச் சராசரி உயர்வு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசித் தொகையிலிருந்து முதல் தொகையைக் கழித்தால் 30,000. இதை 6 ஆல் வகுத்துவிடாதீர்கள், நிறையப் பேர் தவறுவது இங்கேதான். மாதங்கள் ஆறு, ஆனால் இடைவெளி ஐந்து. ஆக, மாதத்துக்கு 6,000 ரூபாய்.

சரி, இதை நம்பி ஜூலைக்கு 6,000 ரூபாய்க்குக் கூடுதலாகக் கோவாவும் முந்திரியும் வாங்கலாமா? வாங்காதீர்கள். உங்கள் நோட்டில் மார்ச் மாதம் 85,000 என்று இருக்கிறதே, அதைப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மாதம் 22,500 ஏற்றம். மார்ச் முதல் ஜூன் வரை மாதம் 5,000 இறக்கம். மார்ச்சில் ரம்ஜான் நோன்பு. மாலையில் பாகு வடியவடியப் பொட்டலம் கட்டியிருப்பீர்கள். இரு முனைகளை மட்டும் பார்க்கும் சராசரி இந்த மேட்டை மறைத்துவிடுகிறது.

அப்புறம், அடுத்த ஆண்டு மார்ச்சை மார்ச்சோடு ஒப்பிடாதீர்கள். ரம்ஜான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் வரும். நோன்பு மாதத்தை நோன்பு மாதத்தோடு வைத்துப் பாருங்கள்.